முரசிலிருந்து தொடங்குங்கள்: மலையகக் குடும்பங்களுக்கான பல் பராமரிப்பு வழிகாட்டி

அம்மாவின் கீழ்வரிசை முன்பல் ஒன்று ரொட்டியோடு சேர்ந்து வந்துவிட்டது. வலி இல்லை, இரத்தமும் பெரிதாக இல்லை. பல்லை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தோம். சொத்தை எதுவும் இல்லை. முழுதாக, வேரோடு இருந்தது. வேரைச் சுற்றி மட்டும் கறுப்பும் பச்சையுமாகக் கல் போல ஒரு படிவு, தண்ணீர் பிடிக்கும் பீலித் தொட்டியின் ஓரத்தில் பாசி காய்ந்து பிடித்திருப்பதைப் போல. "வயது போனால் பல்லும் போகும்தானே" என்றார் அம்மா. அப்போது அவருக்கு 51 வயது.

அதே ஆண்டில்தான் அம்மாவின் சீனி வருத்தம் (நீரிழிவு) மாத்திரைக்கு அடங்காமல் ஏறிக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று சொல்ல எங்களுக்கு ஆள் இல்லை. அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். தோட்டத்து வரிசை வீடான லயத்துக் காம்பராவில் வசதி எவ்வளவு குறைவாக இருந்தாலும் செய்யக்கூடியவற்றை மட்டுமே சொல்கிறேன்.

நம் தோட்டங்களில் நடந்த ஓர் ஆய்வு

1970ஆம் ஆண்டில் நோர்வே நாட்டுப் பல் ஆய்வாளர் ஹரால்ட் லோவும் அவரது குழுவினரும் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு வந்தார்கள். பல் வைத்தியரைக் கண்டிராத, பல் துலக்கும் வழக்கமும் இல்லாத 480 ஆண் தொழிலாளர்களின் வாயைப் பரிசோதித்தார்கள். பிறகு 15 ஆண்டுகள், திரும்பத் திரும்ப வந்து அதே ஆட்களைப் பார்த்தார்கள். கவனிக்காமல் விட்டால் மனிதனின் முரசு, அதாவது ஈறு, என்ன ஆகும் என்பதை உலகம் அறிந்துகொண்டது பெருமளவுக்கு இந்த ஆய்விலிருந்துதான்.

அவர்கள் கண்டது இது. அந்தத் தொழிலாளர்களுக்குச் சொத்தைப் பல் அநேகமாக இல்லை. விழுந்த பற்கள் கிட்டத்தட்ட எல்லாமே முரசு நோயால் விழுந்தவை. ஏறத்தாழ 8 சதவீதமானோருக்கு நோய் வேகமாக ஓடியது; 20 வயதிலேயே பல் விழத் தொடங்கி, 45 வயதில் ஒரு பல்கூட மிஞ்சவில்லை. 81 சதவீதமானோருக்கு மெல்ல நகர்ந்தது. 45 வயதில் சராசரியாக 7 பற்கள் போயிருந்தன. மீதி 11 சதவீதமானோருக்கு முரசு வீங்கி இரத்தம் கசிந்ததோடு நின்றுவிட்டது.

"என் தாத்தா பிரஷ்ஷைத் தொட்டதே இல்லை, எண்பது வயதில் கரும்பு கடித்தார்" என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. அந்தத் தாத்தா 11 சதவீதத்தில் ஒருவர். நாம் எந்தக் கூட்டம் என்பது கண்ணாடியில் தெரியாது. மில்லிமீட்டர் அடையாளமிட்ட மெல்லிய கம்பியால் பல் வைத்தியர் முரசின் ஆழத்தை அளக்கும்போதுதான் தெரியும்: 3 மில்லிமீட்டருக்குள் இருந்தால் நல்லது, அதற்கு மேல் போனால் பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கரைகிறதா என்று பார்க்க வேண்டும். பல் மருத்துவம் படிக்கும் மாணவர்கள் உலகெங்கும் நம் தொழிலாளர்களின் இந்தக் கணக்கைப் படிக்கிறார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அது போய்ச் சேரவில்லை என்பதுதான் என் மனத்தாங்கல்.

வாயில் தொடங்கி உடலுக்குள்

முரசு என்றும் ஈறு என்றும் சொல்கிறோமே, அது பல்லை ஒரு சட்டைக் கழுத்துப்பட்டி போலச் சுற்றிப் பிடித்திருக்கிறது. பல்லின் மீது ஒட்டும் மெல்லிய கிருமிப் படலத்தை நாள்தோறும் எடுக்காவிட்டால், அது உமிழ்நீரிலுள்ள உப்புகளோடு சேர்ந்து காரையாக இறுகுகிறது. காரையின் மேல் மேலும் கிருமி. முரசு சிவந்து, வீங்கி, தொட்டால் இரத்தம் வருகிறது. கையில் அப்படி ஒரு புண் ஆறாமல் இருந்தால் அடுத்த நாளே டிஸ்பென்சரிக்குப் போவோம். வாய்க்குள் இருப்பதால் பல ஆண்டுகள் சுமக்கிறோம்.

அந்தப் புண் வழியாகக் கிருமிகளும், அழற்சியின்போது உடல் சுரக்கும் இரசாயனங்களும் இரத்தத்தில் கலக்கின்றன. நீரிழிவோடு இதற்குள்ள உறவு இருவழி உறவு. சீனி கட்டுப்படாவிட்டால் முரசு நோய் முற்றும். முரசு நோய் முற்றினால் இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் சீனி ஏறும். முரசுக்குச் சிகிச்சை செய்தவர்களின் மூன்று மாதச் சராசரிச் சீனி அளவு (HbA1c) ஏறத்தாழ 0.3 முதல் 0.4 சதவீதப் புள்ளி வரை இறங்குவதைப் பல ஆய்வுகள் சேர்ந்து காட்டியுள்ளன. எண் சிறியதாகத் தெரியலாம், ஆனால் ஒரு கூடுதல் மாத்திரையில் கிடைக்கும் பலனுக்கு அது அதிக தூரமில்லை.

மாரடைப்பைப் பற்றிச் சொல்லும்போது அளந்து பேச வேண்டும். முரசு நோய் உள்ளவர்களிடம் மாரடைப்பும் பக்கவாதமும் கூடுதலாகக் காணப்படுகின்றன. ஆனால் பல்லைச் சுத்தம் செய்தால் மாரடைப்பு வராது என்று நிறுவப்படவில்லை. அப்படிச் சொல்லி விற்கும் எதையும் வாங்காதீர்கள். இதய வால்வு பழுதடைந்தவர்களின் கதை வேறு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

படி 1: கண்ணாடியும் வெளிச்சமும்

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொழுந்து மலைக்குப் போகாத நாளில், வாசல் வெளிச்சத்தில் ஒரு கண்ணாடியோடு உட்காருங்கள். கைப்பேசி டார்ச் இருந்தால் இன்னும் நல்லது. கட்டுப்பல்லைக் கழற்றி, வாயைக் கொப்பளித்துவிட்டுப் பாருங்கள். உதட்டின் உட்புறம், இரு கன்னங்களின் உட்புறம், நாக்கின் மேலும் அடியும் இரு ஓரங்களும், நாக்கைத் தூக்கினால் தெரியும் வாயின் தரை, மேலண்ணம் என்று ஒவ்வோர் இடமாகப் பார்க்க வேண்டும். விரலால் தடவியும் பாருங்கள்.

தேட வேண்டியவை: துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, வெல்வெட் துணி போன்ற சிவப்புத் திட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், கட்டி. பிறகு வாயை முழுதாகத் திறந்து மூன்று விரல்களை நிமிர்த்தி உள்ளே விட்டுப் பாருங்கள். மூன்று விரல் நுழையாமல் கன்னம் தோல் போல இறுகியிருந்தால், காரம் பட்டால் எரிந்தால், அது பாக்கு மெல்லுவதால் வரும் ஒரு நோயின் அடையாளம், புற்றுநோயாக மாறக்கூடியது. இலங்கை ஆண்களிடம் மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான். தொடக்கத்தில் அது வலிக்காது. வலி இல்லை என்பதற்காக அலட்சியமாக இருந்துவிடாதீர்கள்.

முரசையும் அப்போதே பார்த்துவிடுங்கள். துலக்கும்போது இரத்தம் வருகிறதா, பல் நீண்டது போல் தெரிகிறதா, ஆடுகிறதா, வாய் நாறுகிறதா? புகை பிடிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: புகையால் இரத்தக் குழாய்கள் சுருங்குவதால் நோய் இருந்தாலும் உங்கள் முரசில் இரத்தம் வராமல் போகலாம்.

படி 2: இரவு துலக்கல்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். நம்மில் அநேகமானோர் காலையில் மட்டும் துலக்குகிறோம். தூங்கும்போது உமிழ்நீர் குறைந்து, வாயைக் கழுவ எதுவும் இல்லாமல் கிருமிகள் பெருகுகின்றன. ஆகவே இரவுதான் முக்கியம்.

எனக்குத் தெரியும், இரவில் பீலிக்குப் போவது எளிதல்ல. குளிர், இருட்டு, மழை நாளென்றால் அட்டை வேறு. எங்கள் வீட்டில் இதற்கு ஒரு வழி கண்டோம். இராச் சமையல் முடிந்ததும் அடுப்பில் மிஞ்சும் சூட்டில் ஒரு கேத்தல் தண்ணீர் வைப்போம். ஆளுக்கு ஒரு கோப்பை வெதுவெதுப்பான தண்ணீர், துப்புவதற்கு ஒரு பழைய பேசின். துலக்க அவ்வளவு போதும். குளிர்ந்த தண்ணீர் பட்டால் பல் கூசுகிறது என்று துலக்காமலே இருந்த அம்மா, வெந்நீர் வந்த பிறகுதான் பிரஷ்ஷைக் கையிலெடுத்தார்.

பிரஷ் மென்மையானதாக இருக்கட்டும். கெட்டியான நார்கள் முரசைக் கிழித்து வேரை வெளியே கொண்டுவந்துவிடும். முரசும் பல்லும் சேரும் கோட்டில் பிரஷ்ஷைச் சாய்வாக வைத்து, மெதுவாக அசைத்து, பல்லை நோக்கி உருட்டித் தள்ள வேண்டும். சட்டையின் கழுத்துப்பட்டியில் அழுக்கு எங்கே சேருகிறதோ அங்கேதானே சவர்க்காரம் போட்டுத் தேய்ப்போம், அதே கணக்கு. வெளிப்பக்கம், உட்பக்கம், மெல்லும் பரப்பு என எல்லாவற்றுக்கும் சேர்த்து இரண்டு நிமிடம். கீழ்வரிசை முன்பற்களின் உட்பக்கத்தில் கூடுதல் நேரம் நில்லுங்கள். உமிழ்நீர்ச் சுரப்பி அங்கே திறப்பதால் காரை முதலில் பிடிக்கும் இடம் அதுதான்.

பற்பசையில் புளோரைட்டு இருக்க வேண்டும். உறையில் 1000 முதல் 1500 வரை ஓர் எண் போட்டிருக்கும். பெரியவர்களுக்கும் ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கும் அது சரி. நம் மலை ஊற்றுகளில் புளோரைட்டு மிகக் குறைவு. அநுராதபுரம், வவுனியாப் பக்கங்களின் கிணறுகளில் அது கூடிப்போய்ப் பற்களில் கறை விழுவதற்கு நேர் எதிரான நிலை இது. அதனால் நமக்குப் பற்பசைதான் துணை. துலக்கியபின் நுரையைத் துப்புங்கள், ஆனால் தண்ணீர் விட்டு அலசிக் கொப்பளிக்காதீர்கள். பசையிலுள்ள புளோரைட்டு பல்லில் தங்கி வேலை செய்ய வேண்டும். சாம்பல், செங்கல் தூள், கரித்தூள் மூன்றும் பல்லின் மேற்பூச்சைத் தேய்த்தே தீர்த்துவிடும்.

பல் இடுக்குகளில் பிரஷ் போகாது. மருந்துக்கடையில் சின்னஞ்சிறிய இடுக்குப் பிரஷ் கிடைத்தால் வாங்குங்கள். ஊக்கு, தீக்குச்சி, ஈர்க்கு எதுவும் வேண்டாம்.

முரசில் இரத்தம் வருகிறது என்று துலக்குவதை நிறுத்துபவர்கள் பலர். செய்ய வேண்டியது அதற்கு நேர்மாறு. 1965இல் இதே லோ வெளியிட்ட ஓர் ஆய்வில், நல்ல முரசு உள்ள 12 பேர் துலக்குவதை நிறுத்தினார்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் எல்லோருக்கும் முரசு வீங்கியது. மறுபடி துலக்கத் தொடங்கியதும் ஏறத்தாழ ஒரு வாரத்தில் தணிந்தது. இரத்தம் வரும் கட்டத்தில் திரும்பிவிடலாம். எலும்பு கரைந்த பிறகு, மிஞ்சியதைக் காப்பாற்றலாமே தவிர போனது அப்படியே திரும்பாது.

படி 3: சாயத்தண்ணி

தேயிலையில் இயற்கையாகவே புளோரைட்டு உண்டு. சாயத்தண்ணியால் பல்லில் கறை பிடிக்கும், சொத்தை வராது. சொத்தை சீனியால் வருகிறது. அதுவும் எவ்வளவு சீனி என்பதைவிட எத்தனை தடவை என்பதுதான் கணக்கு. ஒவ்வொரு முறையும் சீனி பட்டபின் வாயில் அமிலம் ஊறி, அடங்க அரை மணி நேரமாவது ஆகும். ஐந்து தேத்தண்ணீர், இடையில் பிஸ்கட், பணிஸ் என்று போனால் பல் பகலெல்லாம் அமிலத்தில்தான் நிற்கிறது. இனிப்பைச் சாப்பாட்டோடு முடித்துக்கொள்ளுங்கள். இரவு துலக்கிய பின் தண்ணீரைத் தவிர எதுவும் வேண்டாம். சீனியை வாரம் அரைக் கரண்டி வீதம் குறைத்தால் நாக்கு பழகிக்கொள்ளும்.

படி 4: வெற்றிலைப் பை

அதிகாலைக் குளிரில், ஈரத்தில், பசியில் நின்று கொழுந்து எடுப்பவருக்கு வெற்றிலை என்னவாக இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதனால் யாரையும் இதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் உண்மையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இல் தெளிவாக அறிவித்தது: புகையிலை சேர்த்த வெற்றிலை மட்டுமல்ல, புகையிலை சேர்க்காததும், பாக்கு தனியாகவும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை. "நான் புகையிலை போடுவதில்லை" என்பது பாதுகாப்பல்ல.

விடுவதற்கு ஓர் ஒழுங்கு சொல்கிறேன். இன்றிரவே நிறுத்த வேண்டியது, வெற்றிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு தூங்குவது. அடுத்து புகையிலையை எடுத்துவிடுங்கள். அதன்பின் பாக்கைக் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்துங்கள். கை தேடும் நேரத்தில் கராம்பு, ஏலக்காய், வறுத்த கடலை வைத்துக்கொள்ளலாம். நிறுத்திய பின்னும் மாதாந்த வாய்ப் பரிசோதனையை விடாதீர்கள். பொட்டலப் பாக்கு பிள்ளைகள் கையில் கண்டால் அங்கேயே தடுத்துவிடுங்கள்.

படி 5: கிளினிக்குக்குப் போகும் நாள்

ஒரு நாள் பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போய்விடும் என்பதால்தான் நாம் வலி வரும்வரை இருக்கிறோம். வலி வந்தபின் ஒரு நாளோடு முடியாது, அது இன்னும் பல நாள் பேரைத் தின்னும். அரசாங்க வைத்தியசாலைகளில் பல் சிகிச்சை இலவசம். பிரதேச வைத்தியசாலைகள் பலவற்றில் பல் கிளினிக் உண்டு. அங்கே முடியாததை நுவரெலியா, பதுளை போன்ற பெரிய வைத்தியசாலைகளுக்கு அனுப்புவார்கள். சிக்கலானவை பேராதனை பல் போதனா வைத்தியசாலைக்குப் போகும். முதலில் தோட்ட வைத்திய உதவியாளரிடம், எந்த நாளில் கிளினிக், எத்தனை மணிக்கு நம்பர் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வெறும் வயிற்றோடு போகாதீர்கள். காலையில் சாப்பிட்டு, வழக்கமான மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு போங்கள், முக்கியமாக நீரிழிவு உள்ளவர்கள். கிளினிக் புத்தகத்தையும் போடும் எல்லா மருந்துகளின் அட்டைகளையும் ஒரு பையில் கொண்டுபோங்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அம்மாவை முதலில் பார்த்த இடத்தில் யாரும் மருந்தைப் பற்றிக் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. பிறகு வேறோர் இடத்தில்தான், பிரஷருக்குப் போடும் அம்லோடிபின் சிலருக்கு முரசைத் தடிக்க வைக்கும் என்பதே தெரிந்தது. வலிப்பு நோய்க்கான ஃபெனிடோயினும் அப்படித்தான். அதற்காக மாத்திரையை நீங்களே நிறுத்திவிடாதீர்கள். மாற்ற வேண்டுமா என்று வைத்தியர் முடிவு செய்வார். இரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், வோர்ஃபரின் போடுபவர்களுக்கும் இதேதான்: சொல்லுங்கள், நிறுத்தாதீர்கள். எலும்புத் தேய்வுக்கு வாரம் ஒரு மாத்திரை போடும் பாட்டிமார், பல் பிடுங்குமுன் கட்டாயம் சொல்ல வேண்டும்.

அங்கே என்ன செய்வார்கள்? காரையை எடுப்பது பெரும்பாலானோருக்கு முதல் சிகிச்சை. அதிரும் ஒரு கருவி, அதிலிருந்து பீய்ச்சும் தண்ணீர். கொஞ்சம் கூசும். "காரை எடுத்தால் பல் ஆடும், இடைவெளி விழும்" என்று லயத்தில் சொல்வார்கள். இடைவெளி ஏற்கெனவே விழுந்திருந்தது. காரை அதை அடைத்துக்கொண்டிருந்தது. அம்மாவுக்கு எடுத்தபோது தட்டில் விழுந்த துண்டுகளைப் பார்த்தேன், உடைந்த ஓட்டாஞ்சில்லு போல இருந்தன. இரண்டு வாரம் பல் லேசாகக் கூசியது, பிறகு முரசு இறுகிப் பிடித்தது.

சொத்தை சிறியதாக இருக்கும்போது பல்லின் நிறத்திலேயே அடைத்துவிடலாம். நரம்புவரை போயிருந்தால் வேர்ச் சிகிச்சை: உள்ளிருக்கும் அழுகலை எடுத்து, சுத்தம் செய்து, அடைத்து, பல்லை நிறுத்திவைப்பது. "பிடுங்கிவிடுங்கள், ஐயா" என்று முதலிலேயே சொல்லாதீர்கள். "இந்தப் பல்லைக் காப்பாற்ற முடியுமா?" என்று கேளுங்கள். அதைக் கேட்க நமக்கு உரிமை உண்டு.

பிடுங்கித்தான் ஆக வேண்டுமென்றால், வைத்த பஞ்சை அரை மணி நேரமாவது கடித்துக்கொண்டிருங்கள். அன்று முழுதும் துப்பவோ கொப்பளிக்கவோ கூடாது. குழியில் உறையும் இரத்தம்தான் அதற்கு மூடி. வெற்றிலை, புகை, சூடான தேத்தண்ணீர் வேண்டாம். அடுத்த நாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரை வாயில் மெதுவாக வைத்துத் துப்புங்கள். இரண்டு மூன்று நாள் கழித்து வலி குறையாமல் கூடினால் திரும்பப் போங்கள்.

வலிக்கு ஆஸ்பிரினை நசுக்கி முரசில் வைக்காதீர்கள், தோல் வெந்துபோகும். கடையில் நாலு அமொக்சிசிலின் வாங்கி விழுங்குவதும் வீண். சொத்தைக்குள் இருக்கும் அழுகலை மாத்திரை எடுக்காது.

படி 6: யாருக்கு எது கூடுதல்

நீரிழிவு உள்ளவர்கள் கால் பரிசோதனை, கண் பரிசோதனை போல முரசுப் பரிசோதனையையும் ஆண்டுக்கு ஒரு தடவையாவது சேர்த்துக்கொள்ளுங்கள்.

சிறு வயதில் வாதக் காய்ச்சல் வந்து இதய வால்வு பழுதடைந்தவர்கள், செயற்கை வால்வு வைத்தவர்கள் அதைப் பல் வைத்தியரிடம் வாய் திறக்குமுன்பே சொல்ல வேண்டும். வாய்க் கிருமி இரத்தத்தில் போய் அந்த வால்வில் குடியேறினால் உயிருக்கே ஆபத்து. தேவைப்படுபவர்களுக்குச் சிகிச்சைக்கு முன் அன்டிபயோட்டிக் கொடுப்பார்கள்.

கர்ப்பிணிகளுக்கு ஹோர்மோன் மாற்றத்தால் முரசு எளிதில் வீங்கும். "பிள்ளை தாயின் பல்லிலிருந்து சத்தை எடுக்கும்" என்பது உண்மையல்ல. "வயிற்றில் பிள்ளை இருக்கும்போது பல்லைத் தொடக்கூடாது" என்பதும் உண்மையல்ல. நாலாம் மாதம் முதல் ஆறாம் மாதம்வரை மிக வசதியான காலம். காலையில் வாந்தி எடுத்தவுடன் துலக்காதீர்கள், அமிலத்தோடு சேர்த்துப் பல்லைத் தேய்ப்பதாகிவிடும். தண்ணீரால் கொப்பளித்து அரை மணி நேரம் கழித்துத் துலக்குங்கள். கிளினிக்குக்கு வரும் மருத்துவமாதுவிடம் பல் பரிசோதனை பற்றிக் கேளுங்கள்.

படுக்கையில் இருக்கும் முதியவர்களின் வாயை ஈரத் துணியாலாவது நாளுக்கு இரண்டு முறை துடைத்துவிடுங்கள். வாய்க் கிருமி நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா வருவதுண்டு. கட்டுப்பல்லை இரவில் கழற்றித் தண்ணீரில் போடுங்கள்.

பிள்ளைகள்

முதல் பல் முளைத்த அன்றே துலக்கத் தொடங்க வேண்டும். மூன்று வயதுவரை பசை ஒரு அரிசியளவு, பிறகு ஆறு வயதுவரை ஒரு பட்டாணியளவு. ஏழெட்டு வயதுவரை பெரியவர் கைதான் துலக்கிவிட வேண்டும். வேலைக்குப் போகும்போது பிள்ளைக் காம்பராவில் விடும் குழந்தைக்குச் சீனி கலந்த பால் போத்தலை வாயில் வைத்துத் தூங்கவைக்க வேண்டாம் என்று ஆயாவிடம் சொல்லிவிடுங்கள்.

ஆறு வயதளவில், எந்தப் பாற்பல்லும் விழாமலேயே, கடைசிப் பாற்பல்லுக்குப் பின்னால் ஒரு பெரிய கடைவாய்ப் பல் சத்தமில்லாமல் முளைக்கும். பாற்பல்தான், விழுந்து முளைக்கும் என்று நினைத்து அநேகம் வீடுகளில் அதைச் சொத்தையாக விட்டுவிடுகிறோம். அது வாழ்நாள் முழுதும் இருக்க வேண்டிய பல். பாடசாலைப் பல் சிகிச்சையாளர் வரும் நாளில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் விடாதீர்கள்; அந்தப் பல்லின் பள்ளங்களை மூடி அடைத்துவிட அவரிடம் கேட்கலாம்.

விழுந்து முன்பல் ஒன்று முழுதாகக் கழன்று வந்தால், நிலைப்பல்லாக இருந்தால், வேரைத் தொடாமல் மேற்பக்கத்தைப் பிடித்து எடுங்கள். அழுக்கு இருந்தால் பாலிலோ சுத்தமான தண்ணீரிலோ ஒரு நொடி அலசி, அந்தக் குழியிலேயே திரும்பப் பொருத்துங்கள். முடியாவிட்டால் ஒரு கோப்பைப் பாலில் போட்டுக்கொண்டு ஓடுங்கள். அரை மணி நேரத்துக்குள் பொருத்தினால் பிழைக்க நல்ல வாய்ப்புண்டு. பாற்பல்லைத் திரும்பப் பொருத்தக் கூடாது.

விடியும்வரை காத்திருக்கக் கூடாதவை

பல் வலியோடு தாடைக்குக் கீழே அல்லது கழுத்தில் வீக்கம் பரவினால், காய்ச்சல் அடித்தால், வாய் திறக்க முடியாமல் போனால், எச்சில் விழுங்கவோ மூச்சு விடவோ சிரமமானால், பல் கிளினிக் திறக்கும்வரை இருக்க வேண்டாம். சீழ் மூச்சுக்குழாயை அடைத்து உயிர் போகலாம். 1990 இலக்கத்துக்கு அழையுங்கள்; சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். எங்கள் மேட்டு லயத்துக்குப் பாதை மோசம், ஆகவே வண்டி வந்து நிற்கக்கூடிய இடத்தை, கோயிலடியோ கொழுந்து மடுவமோ, முன்பே வீட்டில் பேசி வைத்திருக்கிறோம். நீங்களும் பேசி வையுங்கள்.

அம்மாவின் மூன்று மாதச் சீனி 8.9ஆக இருந்தது. காரை எடுத்து, இரவு துலக்கல் பழகி, தேத்தண்ணீரில் சீனியையும் குறைத்த பிறகு 8.2 வந்திருக்கிறது. இதில் முரசின் பங்கு எவ்வளவு, சீனியின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆறு மாதத்துக்கு ஒரு தேதி போட்டிருக்கிறார்கள். அடுத்த முறை பக்கத்துக் காம்பரா அக்காவும், எதிர்லயத்து இருவரும் வருகிறார்கள். நாலு பேர் சேர்ந்தால் முச்சக்கரவண்டிக் கூலி ஆளுக்குக் கால்வாசிதான். காலை ஐந்தரைக்குப் புறப்பட்டால் முதல் பத்து நம்பருக்குள் வந்துவிடலாம்.